நின்ற வண்டியின் நடுக்கம்

திருச்செங்கோட்டில், வேலூர் ரோட்டில்,
டயர்க் கடைக்கு மேல் மாடி.
சுவரில் ஒரு திரை, திரையில் இந்தியா,
இந்தியாவில் நாற்பத்தியொரு புள்ளிகள்.
பச்சை ஓடுவது.
மஞ்சள், எஞ்சின் அணையாமல் நிற்பது.
சிவப்பு தூங்குவது.
இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை
இவற்றுக்கு நான்தான் கண்.

எல்லாம் ரிக் வண்டிகள்,
அவற்றோடு குழாய் சுமக்கும் துணை வண்டிகள்.
எந்த மாநிலத்தில் எவர் காட்டில்
ஓட்டை போடுகிறார்கள் என்பது தெரியும்.
எத்தனை அடி, ஈரமா, வெறும் புழுதியா,
அது தெரியாது.
ஆழம் மட்டும் செயற்கைக்கோளுக்குப் பிடிபடாது.

சேர்ந்த முதல் வாரம் பயந்துபோனேன்.
வண்டி பட்டறையில், சாவி முதலாளி மேசையில்,
புள்ளி மட்டும் பத்தடி தெற்கே, ஆறடி கிழக்கே
கொசு மாதிரி.
"அது அப்படித்தானுங்க ஆடும்,
செவுத்துல பட்டுத் திரும்பற சிக்னலு"
என்றான் கருவி மாட்ட வந்த பையன்.

தை மாதம் ஒரு ராத்திரி.
பதினேழாம் எண் துணை வண்டி,
டிரைவர் சென்னியப்பன்,
ஜகதல்பூர் போகிற ரோடு.
இரண்டு பத்துக்கு மணி அடித்தது.
வரைந்து வைத்த கோட்டை விட்டு
இடப்பக்கம் இறங்கி
திரையில் ரோடே இல்லாத வெள்ளைக்குள் போகிறது.
ஐந்து கிலோமீட்டர். ஒன்பது. பதினாலு.
போனை எடுக்கவில்லை.
டீசல் திருட்டுமில்லை, முள் அளவாகத்தான் இறங்குகிறது.
படத்தைப் பெரிதாக்கினேன்:
நாலு கூரை, ஒரு குட்டை, ஒரு மரத்தின் நிழல்.
போன வருஷமோ அதற்கு முந்தியோ எடுத்த பகல்.
அந்தப் பழைய வெயிலில் போய்
பதினேழு மஞ்சளானது.

மூன்றே காலுக்கு அவரே கூப்பிட்டார்.
"நம்ம ராடு தூக்கற பையன் சுக்ராம் இருக்கானுங்கல்ல,
அவங்கம்மா போயிருச்சு.
எடுத்திருப்பாங்கன்னுதான் நெனைச்சோம்,
இவனுக்காவ வெச்சிருந்தாங்க.
என்னமோ ஒண்ணு எழுதிக்கோ தாயி."
பின்னால் ஒரு நாய். பிறகு பெண்கள் குரல்.
எந்தச் சொல்லும் விளங்கவில்லை.
ஒப்பாரிக்கு நடுவே மூச்சு வாங்குவார்களே,
அந்த இடம் மட்டும் எனக்குத் தெரிந்தது.

'நின்ற காரணம்' என்ற கட்டத்தைத் தொட்டால்
பஞ்சர், சாப்பாடு, டீசல், போலீஸ், சிக்னல் இல்லை
என்று ஐந்து விரியும்.
சாவு இல்லை.
ஐந்தாவதைத் தட்டினேன்.
காலையில் முதலாளி
"காட்டுப்பக்கம், டவர் எங்கிருக்குது" என்று
அடுத்த பக்கம் புரட்டினார்.

என் போனுக்குள்ளும் ஒரு புள்ளி உண்டு.
கல்யாணத்துக்கு மறுநாள்
"பாதுகாப்புக்குத்தான்" என்று அவர் தட்டிவிட்டது.
பள்ளிபாளையத்தில் தறிகளுக்கு நடுவே
நின்றபடி பார்ப்பார்.
"பஸ் ஸ்டாண்டுல பதினொரு நிமிசம் நின்னியே?"
"பூ வாங்கினனுங்க."
"பூவுக்குப் பதினொரு நிமிசமா?"
பூவுக்கு இரண்டு.
மீதி ஒன்பது சும்மா நின்றேன்.
அதற்கும் கட்டம் இல்லை.

நேற்று ஒரு மணிக்கு
நாற்பத்தியொன்றும் ஒழுங்காக இருந்தன.
போனை டிராயரில் வைத்தேன்,
படியிறங்கினேன்.
டீக்கடையில் இஞ்சி நசுங்கும் வாசம்.
மலையின் முதல் படி வரை நடந்தேன்.
ஏறவில்லை. உட்கார்ந்தேன்.
கல்லில் பகல் சூடு இன்னும் மிச்சமிருந்தது.
எவ்வளவு நேரம் என்று சொல்ல மாட்டேன்.

திரும்பி வந்து பார்த்தால்
என் புள்ளி மாடியை விட்டு அசையவில்லை என்று பதிவு.
இல்லை, அசைந்திருந்தது,
நாலடி வடக்கே, மூன்றடி மேற்கே,
டிராயருக்குள் ஒரு ஆள்
புரண்டு படுத்தது போல.